நான் சுரண்டி எடுத்த தீவு

பிப்ரவரி 11

உலக உருண்டைப் பட்டறை மேனேஜர் அவர்களுக்கு,

கடல் நடுவில் உள்ள ஒரு தீவிலிருந்து எழுதுகிறேன். ஆனால் உங்கள் உருண்டையின்படி நான் தண்ணீரின் மேல் நின்றுகொண்டு எழுதுகிறேன்.

இந்தத் தீவு பதினான்கு ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் எரிமலை வெடித்து மேலே வந்தது. இங்கே மூன்று பேர் இருக்கிறோம்: ஒரு சமையல்காரர், ஒரு மெக்கானிக், நான். தீவு எவ்வளவு வளர்ந்தது, கடல் எவ்வளவு தின்றது, புதிதாக எந்த உயிர் வந்து குடியேறியது என்று அளந்து எழுதுவது என் வேலை. சென்ற ஆண்டு வரைபட அச்சகம் இந்தத் தீவுக்குப் பெயரில்லாமல் ஒரு புள்ளி வைத்தது. இடம் சரியா என்று பார்த்துச் சொன்னவனே நான்தான். உங்கள் பட்டறைக்குத் தாள் வருவதும் அதே அச்சகத்திலிருந்துதான். ஆகவே தவறு உங்களிடம்தான் நடந்திருக்கிறது.

என் மகளுக்கு ஒன்பது வயது. அவள் பள்ளிக்கு உங்கள் உருண்டை புதிதாக வந்திருக்கிறது. அப்பா இருக்கும் தீவைக் காட்டு என்று ஆசிரியை ஆசையாகக் கூப்பிட்டிருக்கிறார். இவளும் ஓடிப் போயிருக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்த இடத்தில் விரலை வைத்து மூன்று முறை தேடியிருக்கிறாள். வெறும் நீலம். பின் பெஞ்சிலிருந்து யாரோ சொன்னார்களாம்: "தீவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவங்கப்பா வீட்டை விட்டு ஓடிட்டாரு."

அன்றிலிருந்து பாதி நாட்கள் அவள் பள்ளிக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ரேடியோவில் பத்து நிமிடம் வீட்டோடு பேச எனக்கு அனுமதி உண்டு. ஐந்து வாரமாக அவள் பேச வரவில்லை. வயிற்றுவலி என்கிறாள் என் மனைவி. ஞாயிறு பத்து மணிக்கு மட்டும் வருகிற வயிற்றுவலியை நான் கேள்விப்பட்டதில்லை.

இதைச் செய்தவர் யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
தீவு அளவையாளர்


மார்ச் 24

தீவில் இருக்கும் தம்பிக்கு, உருண்டை ஒட்டும் அம்மாள் எழுதுவது.

உங்கள் கடிதத்தை மேனேஜர் இரண்டு வரி படித்துவிட்டு, 'அச்சகத்து மேல் பழியைப் போட்டு ஒரு பதில் எழுதிவிடலாம்' என்றார். நான்தான் வாங்கிக்கொண்டேன். யார் செய்தது என்று கேட்டீர்கள். நான்தான் செய்தேன். கேட்டவருக்குச் செய்தவள்தானே பதில் சொல்ல வேண்டும்?

எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். ஆனால் கடிதம் நானே எழுதுவேன். பிழை பார்க்கப் பேத்தியிடம் கொடுத்தேன். பதினாறு வயது, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குபவள். அவளால் மூன்று பிழைதான் கண்டுபிடிக்க முடிந்தது. அதிலும் ஒன்று நான் எழுதியதுதான் சரி.

எங்கள் வேலை இப்படி. உலகம் எங்களிடம் பன்னிரண்டு கீற்றுகளாக வரும். ஒவ்வொன்றும் நடுவில் அகன்று இரண்டு முனையும் ஊசியாக இருக்கும் காகிதம். பசையில் நனைத்து, உருண்டை மேல் ஒன்றை அடுத்து ஒன்றாகப் போர்த்தி, காற்று நிற்காமல் கரண்டி முதுகால் தேய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் அச்சில் தெறித்த மைப்பொட்டுகளைப் பிளேடு முனையால் சுரண்ட வேண்டும். இருபத்தாறு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். என் கைபட்ட கடலில் ஒரு கறை உண்டு என்று எவரும் சொன்னதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. அதுதான் உங்கள் தலையில் விடிந்திருக்கிறது.

சென்ற வருஷம் வந்த தாள்களில், ஏழாம் கீற்றில், நடுக்கடலில் ஒரு பொட்டு. ஒரு தாளில் இருந்தால் மை தெறித்தது என்று விடலாம். எல்லாத் தாளிலும் அதே இடத்தில். புத்தி உள்ளவள் என்றால் அங்கேயே யோசித்திருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அச்சகத்துக்கு ஆள் அனுப்பி, 'உங்கள் தகட்டில் கீறல் விழுந்திருக்கிறது, கண் தெரியாதா' என்று திட்டிவிட்டு, உட்கார்ந்து நூற்று நாற்பது உருண்டையிலும் சுரண்டினேன். மேலே நீலமும் தொட்டு வைத்தேன், அழகாக. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். நான் மூன்று பேர் குடியிருக்கும் தீவையே பிளேடு முனையில் மறைத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். மேனேஜர் சொல்லிக் கேட்கவில்லை. அவர் கேட்காதே என்றுதான் சொன்னார்.

ஆனால் ஒன்று தம்பி. தீவு என்றால் ஆதியிலிருந்து இருப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் பேத்தியைவிட இளைய தீவு ஒன்று உண்டு என்றால் எப்படி நம்புவது? மழைக்குக் காளான் முளைப்பது போலக் கடலில் தீவு முளைக்குமா? எதைச் சுரண்டினேன் என்று தெரியாமல் மன்னிப்புக் கேட்டால் அது பாதி மன்னிப்புதான். எழுதுங்கள். பள்ளியின் விலாசத்தையும் எழுதுங்கள். செய்தவள் போய்ச் சொல்ல வேண்டும்.

ஒட்டுகிறவள்


ஏப்ரல் 30

அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கோபத்தோடுதான் பிரித்தேன். அச்சகத்தைத் திட்ட ஆள் அனுப்பிய இடத்தில் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். சமையல்காரர் எட்டிப் பார்த்தார். நான் சிரித்துப் பல மாதம் ஆகிறதாம்.

நீங்கள் கேட்டதற்கு என்னால் முடிந்த அளவு சொல்கிறேன்.

வீட்டில் மெழுகுவத்தி இருந்தால் ஏற்றி வையுங்கள். சுடருக்கு மேலே ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு பக்கமாக இழுங்கள், நிறுத்தி நிறுத்தி. வரிசையாகக் கருகல் புள்ளிகள் விழும். சுடர் நகரவில்லை, காகிதம்தான் நகர்ந்தது. கடலின் தரையும் அப்படித்தான். நம் நகம் வளருகிற வேகத்தில் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. கீழே ஓர் இடத்தில் மட்டும் சூடு நிலையாக நிற்கிறது. அந்த இடத்தில் தரை பொத்துக்கொண்டு எரிமலைக் குழம்பு மேலே வந்து, குளிர்ந்து, அதன்மேல் மறுபடி வந்து, ஒருநாள் தண்ணீருக்கு மேல் தலையை நீட்டும். அதுதான் தீவு. பிறகு தரை அதைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடும். பழைய இடத்தில் அடுத்தது பிறக்கும். எங்களுக்கு மேற்கே இப்படி ஏழு தீவுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் முன்னதைவிட மூத்தது. இது கடைக்குட்டி.

மூத்த தீவுகள் சூடு ஆறி, தங்கள் கனத்திலேயே மெல்ல அமிழ்கின்றன. அமிழும் மலையைச் சுற்றிப் பவளப் பூச்சிகள் வீடு கட்டும். அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும். மலை ஒரு விரல் இறங்கினால் அவை ஒரு விரல் மேலே கட்டும். கடைசியில் மலை முழுகிப்போய், அதைச் சுற்றிக் கட்டிய வளையம் மட்டும் கடலில் மிதப்பது போல நிற்கும். உங்கள் உருண்டையில் நடுக்கடலில் மோதிரம் போலச் சில புள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள். எல்லாத் தீவும் இப்படிப் பிறப்பதில்லை. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் பிறந்தவை உண்டு. பெரிய நிலத்திலிருந்து பிய்ந்து தனியே போனவையும் உண்டு.

இங்கே முதலில் வந்து குடியேறியது எது தெரியுமா? சிலந்தி. பின்னால் நூலை விட்டுக் காற்றில் ஏறி, நூறு மைல் கடலைத் தாண்டி வந்து இறங்கியது. இரண்டாவது ஒரு புல். ஏதோ பறவையின் காலில் ஒட்டி வந்த விதையாக இருக்க வேண்டும். அதன் முதல் தாளை நான்தான் பார்த்தேன்.

பள்ளியின் விலாசத்தைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மகள் இன்னும் ரேடியோவுக்கு வரவில்லை. ஆறு மாதம் என்றுதான் வந்தேன், இப்போது இரண்டு ஆண்டு ஆகிறது. வேலை அப்படி.

தீவு அளப்பவன்


ஜூன் 2

தம்பிக்கு,

முதலில் மெழுகுவத்திச் சமாசாரம். பேத்தி காகிதத்தை இழுத்தாள், நான் வத்தியைப் பிடித்தேன். நான்கு தீவு அருமையாக வந்தது. ஐந்தாவது தீவில் காகிதம் பற்றிக்கொண்டது. மருமகள் ஓடி வந்து தண்ணீரை ஊற்றிவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் உலகம் எரிஞ்சாத்தான் புரியுமா அத்தே?" என்றாள். எரிந்ததால்தான் புரிந்தது என்று சொன்னேன்.

இருபத்தாறு வருஷம் உலகத்தைத் தேய்த்து ஒட்டியிருக்கிறேன். அந்த மோதிரப் புள்ளிகளைக் கரண்டி முதுகால் எத்தனை ஆயிரம் முறை தடவியிருப்பேன். உள்ளே ஒரு மலை முழுகிக் கிடக்கிறது என்று ஒரு மனுஷர் எனக்குச் சொன்னதில்லை. இப்போது அந்த இடம் வந்தால் கரண்டியை மெதுவாகத்தான் வைக்கிறேன். இதற்கு உங்களுக்கு நான் கடன்பட்டவள். அதை முதலில் சொல்லிவிட்டேன், ஏனென்றால் அடுத்ததாக உங்களைத் திட்டப் போகிறேன்.

பள்ளிக்குப் போனேன். அரை நாள் பஸ். மடியில் புது உருண்டை, இந்தத் தடவை பொட்டைச் சுரண்டாதது. ஆசிரியை நல்ல பெண். வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நான் நின்றுகொண்டே பேசினேன். 'தீவு இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாமல் செய்தது இந்தக் கைதான், அவள் சொன்னது பொய்யில்லை' என்றேன். பின் பெஞ்சில் ஒரு குட்டிப் பெண், "பாட்டி, இன்னும் எத்தனை தீவை நீங்க சுரண்டியிருக்கீங்க?" என்று கேட்டாள். தம்பி, எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன் என்று அவளிடம் ஒத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

உங்கள் மகள் அன்றைக்கும் பள்ளிக்கு வரவில்லை. ஆகவே வீட்டுக்கே போனேன். உங்கள் மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். யார், என்ன என்று சொன்னதும் மிஷினை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அகலமான நெற்றி. உங்களுடையது என்று உங்கள் மனைவி சொன்னார். நான் உருண்டையைக் காட்டினேன். விரலை வைத்துப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"தீவு இருக்கு பாட்டி. அது எனக்குத் தெரியும். அப்பா ஏன் வரல?"

பன்னிரண்டு கீற்றிலும் அதற்கு விடை இல்லை. நான் உங்கள் மனைவியைப் பார்த்தேன். அவர் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆறு மாசம்னு போனாரு. அப்புறம் ஒரு வருஷம்னு கையெழுத்து போட்டாரு. அப்புறம் இன்னொண்ணு. போட்டதுக்கு அப்புறந்தான் எங்களுக்குச் சொன்னாரு. போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

'வேலை அப்படி' என்று எனக்கு எழுதினீர்கள். மூன்று பக்கம் தீவைப் பற்றி எழுதியவர், இதை இரண்டே சொல்லில் முடித்தீர்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான், ஆனால் எந்த இடத்தில் காகிதம் சுருங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். வகுப்பில் அந்தப் பிள்ளையைத் தலைகுனிய வைத்தது என் பிளேடு. அதை ஒத்துக்கொண்டேன். வீட்டில் தலைகுனிய வைத்தது யார்? புல்லின் முதல் தாளைப் பார்த்தவர் நீங்கள். அந்த இரண்டு வருஷத்தில் உங்கள் மகளுக்கு முன்பல் விழுந்து முளைத்திருக்கிறது. அதைப் பார்த்தது யார்?

கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அவளோடு பேசுங்கள்.

ஒட்டுகிறவள்


ஜூலை 14

அம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன், மனத்துக்குள்தான். யாரோ ஒரு பசைக்காரம்மாளுக்கு என் வீட்டு விஷயம் எதற்கு என்று. நான்காம் நாள் மறுபடி படித்தேன். மறைத்து என்ன பயன்? நீங்கள் சொன்னது சரி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னை இங்கே யாரும் பிடித்து வைக்கவில்லை. இரண்டு முறையும் திரும்பலாம் என்றுதான் அலுவலகம் எழுதியது. நான்தான் இருக்கிறேன் என்றேன். எந்த மனிதனும் பார்க்காததை முதலில் பார்க்கிறோம் என்ற ருசி அப்படிப்பட்டது. வீட்டில் சொன்னால் வேண்டாம் என்பார்கள் என்று தெரியும். ஆகவே முதலில் கையெழுத்து, பிறகு செய்தி. உங்கள் உருண்டையில் புள்ளி இல்லை என்றதும் நான் கோபப்பட்டேனே, அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. பழி போட ஓர் ஆள் கிடைத்துவிட்டார். இதை உங்களுக்கு எழுதக் கை கூசுகிறது.

சென்ற மாதம் பெரிய புயல். இந்தத் தீவின் வடபாதி இறுகிய குழம்புப் பாறை. தென்பாதி வெறும் சாம்பல். ஒரே பகலில் தென்பாதியில் நூறு அடியைக் கடல் எடுத்துக்கொண்டது. எங்கள் குடிசையைப் பாறைப் பக்கம் மாற்றினோம். பாறை நிற்கும். சாம்பல் இன்னும் சில ஆண்டுகளில் போய்விடும். நான் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சென்ற ஆண்டு அளந்த இடமே இல்லை.

அந்த ஞாயிறு ரேடியோவில் மனைவியிடம் சொன்னேன், பிள்ளை பேச வேண்டாம், பக்கத்தில் நின்று கேட்டால் போதும் என்று. கேட்கிறாளா இல்லையா என்று தெரியாமலே பேசினேன். "அப்பாவை யாரும் இங்க நிறுத்தி வைக்கல கண்ணு. அப்பாவுக்குத்தான் இருக்கணும்னு ஆசையா இருந்துச்சு. உங்கிட்ட கேக்காம இருந்தது தப்பு."

பத்து நிமிடம் முடியப் போகும்போது அவள் குரல்: "அங்க தனியா பயமா இருக்குமாப்பா?"

நான் பதில் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. ஒரு வாரம் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு சுற்றினேன். அடுத்த ஞாயிறு வந்தாள். சொன்னேன்.

இன்னும் ஓர் ஆண்டு இருப்பதற்கான ஒப்பந்தத் தாள் இந்தக் கப்பலில் வந்திருக்கிறது. மேசை மேல் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்று எழுதும் துணிச்சலும் வரவில்லை.

உங்களுக்கு நன்றி என்று எழுதினால் போதாது என்று தெரியும். இப்போதைக்கு அதுதான் இருக்கிறது.

தீவு அளப்பவன்


ஆகஸ்ட் 25

தம்பிக்கு,

பசைக்காரம்மாள் என்று திட்டினீர்களாமே. என் புருஷன் இருந்தவரை என்னை அப்படித்தான் கூப்பிடுவார், செல்லமாக. ஆகவே அது என்னைக் குத்தவில்லை.

இங்கே பட்டறையில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. எந்தப் பொட்டையும் அச்சகத்தைக் கேட்காமல் சுரண்டக் கூடாது. சட்டம் போட்டது மேனேஜர், போட வைத்தது நான். பின் பெஞ்சுக் குட்டி கேட்டாளே, எத்தனை என்று. பழைய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொட்டாக அச்சகத்தைக் கேட்கிறேன். இதுவரை இருபத்து மூன்று. இருபத்திரண்டு வெறும் மை. ஒன்று தீவு. ஆளில்லாத தீவாம், பறவைகள் மட்டும்தானாம். அந்தப் பறவைகளுக்குக் கடிதம் எழுதத் தெரியாதது என் நல்ல காலம். நூற்று நாற்பது உருண்டை போன இடங்களுக்கெல்லாம் ஒட்டுப்புள்ளியும் ஒரு சீட்டும் அனுப்பி முடித்தாயிற்று. சீட்டில் என்ன எழுதுவது என்று மேனேஜர் யோசித்தார். 'இங்கே ஒரு தீவு உண்டு, எங்கள் தவறு' என்று எழுதச் சொன்னேன்.

போன வாரம் உங்கள் மனைவியும் மகளும் பட்டறைக்கு வந்தார்கள். உங்கள் மகளுக்கு ஒரு கீற்றைக் கொடுத்து ஒட்டச் சொன்னேன். கோணலாகத்தான் ஒட்டினாள், ஒரு நாடே மடிந்துபோனது. மறுபடி எடுத்து ஒட்டினாள். பிடிவாதம் உண்டு. யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. என் பேத்தி அவளுக்குக் கோணம் பார்ப்பதைச் சொல்லிக் கொடுத்தாள். என் பேத்தி சொல்லிக் கொடுத்தால் கல்லுக்கும் புரியும்.

போகும்போது உங்கள் மகள் என்னிடம் ஒரு செய்தி கொடுத்தாள். ரேடியோவில் சொல்லேன் என்றேன். ரேடியோவில் சொன்னால் அழுகை வந்துவிடுமாம், எழுத்தில் வராதாம். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"அக்டோபர் கப்பல்ல அப்பாவுக்கு வர இஷ்டம் இருந்தா வரட்டும். இல்லேன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா இந்தத் தடவை அப்பா முன்னாடியே சொல்லணும்."

தம்பி, ஒன்பது வயதுப் பிள்ளை கோபித்துக்கொள்ள மாட்டேன் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளும் பிள்ளையை நான் ஆயிரம் பார்த்திருக்கிறேன். அதை விட்டுவிட்ட பிள்ளையைப் பார்க்க முடியவில்லை.

இனி நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. தாள் உங்கள் மேசை மேல், பேனா உங்கள் கையில்.

ஒட்டுகிறவள்


அக்டோபர் 19

அம்மா,

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்ததும் ரேடியோவில் முதலில் அவளிடம்தான் சொன்னேன், பிறகுதான் அலுவலகத்துக்கு எழுதினேன். அவள் சொன்ன அக்டோபர் கப்பலிலேயே ஏறினேன். எனக்குப் பதிலாக வந்தவர் இளம்பெண். புல்லின் இடத்தையும் நாடா பிடிக்கும் இடத்தையும் காட்டிக் கொடுத்தேன். 'வீட்டில் கேட்டுவிட்டு வந்தீர்களா' என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

துறைமுகத்தில் என் மகள் அம்மாவின் பின்னால் நின்றாள். கட்டிக்கொள்ளவில்லை. நானும் அவசரப்படவில்லை. அவள் தலை என் நெஞ்சு வரை வந்துவிட்டது. மறுநாள் காலை அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது நான் கேட்டேன், வகுப்புக்கு வந்து தீவைப் பற்றிப் பேசட்டுமா, படங்கள் கொண்டுவந்திருக்கிறேன், ஆசிரியை கேட்டிருக்கிறார் என்று.

"அதெல்லாம் வேண்டாம்பா. மணி அடிக்கறப்போ ஸ்கூல் வாசல்ல வந்து நில்லு. தினமும்."

முதல் நாள் நின்றேன். அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, கூட வந்த பிள்ளைகள் எல்லாரும் பார்க்கும்வரை அங்கேயே நின்றாள். அதன் பிறகுதான் நடந்தாள். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் ஒரு சிறுமி என்னிடம் வந்து, "நீங்கதான் நிஜ அப்பாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உங்களுக்கு உடனே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியும் சின்னதாகப் போய்விடுகிறது. செய்த தவறை ஒத்துக்கொள்ள நீங்கள் அரை நாள் பஸ்ஸில் போனீர்கள். என் தவறை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு ரேடியோ பக்கத்தில் இருந்தும் இரண்டு ஆண்டு ஆனது. என் மனைவி உங்களை வீட்டுக்கு அழைக்கச் சொன்னாள். பேத்தியோடு வர வேண்டும். கணக்கில் நூறு வாங்குகிறவளை நாங்களும் பார்க்க வேண்டாமா?

இன்றுதான் எழுத முடிந்தது. இன்று எட்டாம் நாள். மணி அடித்தது. அவள் நான்கு தோழிகளோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டே வெளியே வந்தாள். நேரே என்னிடம் வந்து புத்தகப் பையை என் கையில் திணித்தாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர்களோடு பேசிக்கொண்டே முன்னால் நடந்துபோய்விட்டாள்.

பை நல்ல கனம். வீடு வரை நான்தான் சுமந்து வந்தேன் அம்மா.

உங்கள்,
தம்பி